ரியூனியன் தீவில் குடும்பத்தோடு காரில்: எரிமலை, அருவி, சாப்பாடு – முழுமையான வழிகாட்டி

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரியூனியன் தீவைச் சுற்றிவரும் கடலோரச் சாலை மொத்தமே 200 கிலோமீட்டர் சொச்சம்தான். வரைபடத்தைப் பார்த்ததும் இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். புதிதாக வருகிறவர்களின் திட்டம் அங்கேயே சறுக்கிவிடுகிறது. இங்கே கிலோமீட்டரை விட மேகத்தைத்தான் பார்க்க வேண்டும். மலை உச்சிகள் விடிந்து சில மணி நேரம் தெளிவாக இருக்கும், அப்புறம் மூடிக்கொள்ளும்.

அதனால் காலையில் மலை, நடுப்பகலில் சாப்பாடு, பிற்பகலில் கீழே அருவியோ கடற்கரையோ என்ற ஒழுங்கை மனத்தில் வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்யுங்கள். கீழே உள்ளது எட்டு இரவுத் திட்டம். பிள்ளைகளும் வயதானவர்களும் சேர்ந்து வரும் குடும்பத்துக்காக எழுதியது.

1. முதலில் மாதம், அடுத்து விசா

மே முதல் அக்டோபர் வரை குளிர்ச்சியான, மழை குறைந்த காலம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். அதிலும் ஜனவரி முதல் மார்ச் வரை பிள்ளைகளோடு வரவே வேண்டாம் என்பேன். 2007 பிப்ரவரியில் காமேத் புயலின்போது, எரிமலைக்குப் போகும் வழியில் இருக்கும் கொம்மெர்சோன் பள்ளத்தில் மூன்றே நாளில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அது உலக சாதனை. 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் தீவையே அடித்துவிட்டுப் போனது. புயல் வராவிட்டாலும் அந்த மாதங்களில் மலைச்சாலைகள் சரிந்து மூடப்படுவது சாதாரணம்.

தீவு பிரான்சுக்குச் சொந்தம், பணம் யூரோ. ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் சேராது. ஷெங்கன் விசா இருக்கிறது, அது போதும் என்று நினைத்து டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று பிரான்சின் அதிகாரபூர்வ விசா தளத்தில், போகுமிடமாக ரியூனியனைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பாரிஸுக்கான விதியைப் படித்துவிட்டு வந்து திணறுபவர்கள் உண்டு.

2. நான்கு ஊர், ஊருக்கு இரண்டு இரவு

ஒரே ஊரில் தங்கித் தினமும் போய்வரலாம் என்று நினைக்க வேண்டாம். சான்-தெனி, சான்-போல், சான்-பியேர் பக்கம் காலையும் மாலையும் நெரிசல் பிடித்தால் பாதி நாள் அதிலேயே போய்விடும். தினம் ஒரு ஊராக மாறுவதும் கூடாது. பெட்டி கட்டுவதிலேயே அந்த அருமையான காலை நேரம் கரைந்துபோகும்.

விமான நிலையம் வடக்கே. அங்கிருந்து மேற்கே இறங்கி சான்-லு அல்லது சான்-ஜில் பக்கம் இரண்டு இரவு. அடுத்து மலைமேல் பூர்-முராவில் இரண்டு. பிறகு தெற்கே சான்-ஜோசெஃப்பில் இரண்டு. கடைசியாகக் கிழக்குப் பக்கம் எல்-பூரில் இரண்டு. அங்கிருந்து விமான நிலையம் பக்கம்தான்.

இந்தத் திசையில் சுற்றுவதற்குக் காரணம் உண்டு. இங்கே வண்டி சாலையின் வலது பக்கம் ஓடும். இப்படிச் சுற்றினால் கடல் எப்போதும் உங்கள் வலப்புறத்தில் இருக்கும். காட்சிமுனையோ கடையோ கண்ணில் பட்டால் எதிர்வண்டிகளைக் குறுக்கே வெட்டாமல் சட்டென்று ஒதுங்கி நிறுத்தலாம். வலது பக்கம் ஓட்டிப் பழகாதவர்களுக்கு இது எவ்வளவு நிம்மதி என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

பூர்-முராவில் இரண்டு இரவு என்பதில் மட்டும் கை வைக்காதீர்கள். முதல் காலை மேகம் மூடினால் இரண்டாவது காலை கையில் இருக்க வேண்டும். ஒரே இரவு போட்டுவிட்டு எரிமலையையே பார்க்காமல் திரும்பிய குடும்பங்கள் நிறைய.

3. கார் எடுக்கும்போது

வாடகை கார்கள் பெரும்பாலும் கையால் கியர் போடுபவை. ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். கியர் வண்டி ஓட்டுபவர்களுக்கும் இங்கே ஒரு சிக்கல் வரும்: இடது பக்கம் உட்கார்ந்து வலது கையால் கியர் மாற்ற வேண்டும். அதைச் செங்குத்தான வளைவில் கற்றுக்கொள்ள முடியாது. மேற்குக் கரையில் தங்கும் இரண்டு நாளில் சமதளச் சாலையிலேயே பழகிவிடுங்கள்.

ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், முன்பணத்தை அதில்தான் பிடித்து வைப்பார்கள். சொந்த உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பின்னிருக்கையில், அவரவர் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ற இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். பதிவு செய்யும்போதே இருக்கையையும் கேட்டு வையுங்கள்.

காப்பீட்டுத் தாளில் டயர், வண்டியின் அடிப்பாகம், தார் போடாத சாலை ஆகிய மூன்றுக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எரிமலைக்குப் போகும் வழியின் கடைசிப் பகுதி குண்டும் குழியுமான மண்சாலை. சாதாரண கார் மெதுவாகப் போய்விடும், ஆனால் அங்கே டயர் கிழிந்தால் செலவு யாருடையது என்பது முன்பே தெரிய வேண்டும்.

பெட்ரோல் விலையை அரசே நிர்ணயிக்கிறது, தீவு முழுக்க ஒன்றுதான். விலை குறைவான பங்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. மலை ஏறும் முன் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

4. பையில் என்ன வேண்டும்

வெப்பமண்டலத் தீவு என்று அரைக்கை சட்டையோடு வந்து இறங்குவார்கள். எரிமலை விளிம்பு 2,311 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் விடியலில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்கும், காற்றும் அடிக்கும். ஆளுக்கு ஒரு கம்பளிச் சட்டை, காற்றையும் மழையையும் தடுக்கும் ஒரு மேற்சட்டை, பிள்ளைகளுக்குக் குல்லாய். இவற்றைப் பெட்டியில் போடாமல் காரில் கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

அடிப்பாகம் கெட்டியான ஷூ எல்லோருக்கும் வேண்டும். உடைந்து கிடக்கும் எரிமலைப் பாறையை இங்கே கிராத்தோன் என்பார்கள். ஒவ்வொரு துண்டும் ரம்பம் போல வெட்டும். செருப்போடு இறங்கிய பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் அழுதுகொண்டு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். கொசுவிரட்டியும் அவசியம், சிக்குன்குனியா பரவிய தீவு இது.

5. மேற்குக் கரை: இரண்டு நாளில் சாப்பாட்டு நேரத்துக்குப் பழகுங்கள்

இந்த இரண்டு நாளும் ஓய்வுக்கும், வண்டிக்கும் சாலைக்கும் பழகுவதற்கும்தான். கடலில் குளிப்பதென்றால் எர்மிதாஜ், லா-சலீன் போன்ற பவளப்பாறை சூழ்ந்த இடங்களிலும், காவலர் இருக்கும் பகுதிகளிலும் மட்டும். சுறா தாக்குதல்கள் காரணமாக மற்ற இடங்களில் 2013 முதல் தடை உள்ளது. கரை அமைதியாகத் தெரிகிறதே என்று வேறெங்கும் இறங்காதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், மீதி நாட்களெல்லாம் அதைப் பொறுத்தவை. உணவகங்களில் மதியச் சாப்பாடு சுமார் 12 மணிக்குத் தொடங்கி ஒன்றரை, இரண்டுக்குள் முடிந்துவிடும். இரண்டரைக்குப் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள். திங்கட்கிழமை பல கடைகள் விடுமுறை. எனவே 11 மணிக்கே, இன்று எங்கே சாப்பிடப் போகிறோம் என்று முடிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் பசியோடு இருக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வளைவுச் சாலையில் கடை தேட வேண்டிவரும்.

தட்டில் வருவது சோறு, கறி, அவரையோ பருப்போ ஒரு கிண்ணம், கீரை, ருகாய். வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், தக்காளியோடு தைம் இலையும் சேர்த்து வதக்கிச் செய்யும் கறி, நல்ல இடங்களில் விறகடுப்பில் வேகும். காரம் கறியில் குறைவு, மிளகாய்த் துவையல் தனியாக வரும். அதனால் சின்னப் பிள்ளைகளும் தயங்காமல் சாப்பிடுவார்கள். பச்சைத் தக்காளி ருகாய், மாங்காய் ருகாய் என்றால் தொட்டுக்கொள்ளும் வகை. ருகாய்-சொசீஸ் என்றால் அது முழு உணவு, பன்றி இறைச்சித் தொத்திறைச்சியில் செய்தது. பட்டியலில் ருகாய் என்று பார்த்ததும் ஏதோ சட்னி என்று நினைத்து வாங்கிவிட்டு விழிப்பவர்கள் அதிகம்.

சைவம் சாப்பிடுபவர்களும் பன்றி, மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் கவனிக்க வேண்டியது: அவரையிலும் கீரையிலும்கூடப் புகைபோட்ட பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டு. அதன் பெயர் பூக்கானே. இறைச்சி, மீன் வேண்டாம் என்பதற்கு "சான் வியாந்த், சான் புவாசோன்", பன்றி வேண்டாம் என்பதற்கு "சான் போர்" என்று சொல்லுங்கள். ஆங்கிலம் எல்லா இடத்திலும் உதவாது. தமிழ் வம்சாவளியினர் தீவில் நிறைய, கோயில்களும் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பேசுவது பிரெஞ்சும் தீவின் பேச்சுமொழியான கிரியோலும்தான், தமிழை நம்பிப் போகாதீர்கள்.

வழியில் வாங்கித் தின்ன பொன்போன்-பிமான் சரியானது. கிட்டத்தட்ட நம் மசால்வடை, ஆனால் அளவில் சிறியது. சமூசாவில் காய்கறி, பாலாடைக்கட்டி வைத்தவையும் கிடைக்கும், உள்ளே என்ன என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமை காலையோ மேற்கில் இருந்தால் சான்-போல் கடற்கரைச் சந்தைக்குப் போய், விக்டோரியா அன்னாசியும் அடுத்த இரண்டு நாளுக்கான காய்கறியும் வாங்கிக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை, சௌசௌ கொழுந்து எல்லாம் சாதாரணமாகக் கிடைக்கும். சமையலறை உள்ள வீடாகத் தங்குமிடம் எடுத்தால் இரவுச் சாப்பாட்டுக் கவலையே இல்லை.

6. எரிமலைக்கு முந்தைய மாலை

சான்-பியேர் வழியாக ஆர்என்3 சாலையில் ஏறினால் பூர்-முரா. சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மாடு மேயும் புல்வெளியும் பனிமூட்டமுமாக இருக்கும். பிற்பகலில் எரிமலை அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். நாளை எதைப் பார்க்கப் போகிறோம் என்று பிள்ளைகளுக்குப் புரிந்தால் நடையில் சிணுங்கல் பாதியாகக் குறையும்.

இரவு இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பிரெஞ்சு வானிலை மையமான மெத்தேயோ-பிரான்ஸ் சொல்லும் வானிலை. இரண்டு, எரிமலை எச்சரிக்கை நிலை. நாம் பார்க்கப் போகும் பித்தோன்-த-லா-ஃபூர்னேஸ் உலகிலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. வெடிப்பு நெருங்குவதாக ஆய்வகம் சொன்னால் விளிம்புக்குக் கீழே சிகரத்தைச் சுற்றியுள்ள, ஆன்க்லோ எனப்படும் உள்வட்டத்தை அரசு மூடிவிடும். விளிம்பில் உள்ள கதவும் பூட்டப்படும். அதைத் தாண்டி இறங்குவது சட்டப்படி குற்றம். அப்போது விளிம்புக் காட்சியோடு திருப்திப்பட வேண்டும், அதுவும் அனுமதித்தால்தான்.

காலைச் சாப்பாட்டையும் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரையும் இரவே கட்டி வையுங்கள். மேலே கடையை நம்ப வேண்டாம்.

7. எரிமலைக் காலை

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்கே மணி நான்கு என்றால் இந்தியாவில் ஐந்தரை. முதல் சில நாள் பிள்ளைகள் தானாகவே சீக்கிரம் விழித்துவிடுவார்கள். அதைப் பயன்படுத்தி இருட்டிலேயே கிளம்புங்கள். விளிம்புக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் மேகம் ஏறத் தொடங்கும். 11 மணிக்கு வந்து வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திரும்பும் கார்களைத் தினமும் பார்க்கலாம்.

வழியில் பா-தே-சாப்ல் காட்சிமுனையில் கட்டாயம் நிறுத்துங்கள். கீழே பிளேன்-தே-சாப்ல் விரிந்து கிடக்கும்: செடி கொடி ஏதுமில்லாத, செம்பழுப்பும் கறுப்புமான எரிமலை மணல்வெளி. நடக்க முடியாத தாத்தா பாட்டிக்கு இந்த இடம்தான் உச்சம், காரைவிட்டு நாலடி வந்தாலே போதும். அதன் பிறகு மண்சாலை, இரண்டாவது கியரிலேயே போங்கள்.

பா-த-பெல்கோம்ப்பில் வண்டியை நிறுத்தியதும் குடும்பத்தை இரண்டாகப் பிரிக்கலாம். விளிம்பிலேயே நின்றாலும் 2,632 மீட்டர் சிகரம் எதிரே முழுதாகத் தெரியும். இறங்க விரும்புகிறவர்களுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். கீழே சமதளம், உறைந்த எரிமலைக்குழம்பு. பிள்ளைகளோடு போகும்போது இலக்கு ஃபோர்மிகா லியோவாக இருக்கட்டும். 1753-ல் உருவான செந்நிறக் குட்டிக் கூம்பு அது. போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சிகரப் பள்ளம் வரை போய்வர ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. சின்னப் பிள்ளைகளை அங்கே இழுத்துப் போகாதீர்கள்.

பாறையில் வெள்ளை வண்ணப் புள்ளிகள் வழி காட்டும். அடுத்த புள்ளி கண்ணுக்குத் தெரியும் வரைதான் முன்னே நடக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு விதி போடுங்கள். பனிமூட்டம் சில நிமிடத்தில் இறங்கிவிடும். புள்ளியை விட்டு விலகினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தெரியும். திரும்பும்போது படி ஏற்றம் கடைசியில் வருகிறது என்பதையும் மறக்காதீர்கள், அதற்குத் தெம்பு மிச்சம் வேண்டும்.

வாகனம் நிறுத்துமிடத்தில் பையோ போனோ கண்ணில் படும்படி வைக்காதீர்கள். நடைபாதை தொடங்கும் இடங்களில் கண்ணாடி உடைத்துத் திருடுவது நடக்கிறது.

8. தெற்கே லான்ஜவேன் அருவி

சான்-ஜோசெஃப்பைத் தாண்டியதும் லான்ஜவேன் ஆற்றோரமாக ஒரு குறுகிய சாலை மேலே ஏறும். முடிவில் கிரான்-கலே அருவி, பாறைச்சுவரின் பல இடங்களிலிருந்து திரை திரையாக நீர் விழும். வார நாளில் போங்கள். ஞாயிறன்று தீவுக் குடும்பங்கள் அண்டாவோடு விடியுமுன்பே வந்து ஆற்றோரத்தைப் பிடித்துவிடும், வண்டி திருப்பவும் இடமிருக்காது. கீழ்ப்பகுதியில் ஆற்றோரமாகவே கறிச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. பன்னிரண்டுக்கு அங்கே உட்கார்ந்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடித்தாலும் மலையில் மழை பெய்தால் வெள்ளம் வரும். நீர் கலங்கினாலோ இலைதழை மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். உடம்பில் வெட்டுக்காயம் இருப்பவர்கள் ஆற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் இங்கே உண்டு. அருவிக்கு நேர் கீழே நிற்காதீர்கள், கல்லும் விழும்.

சாலை ஆற்றின் குறுக்கே தாழ்வாகப் போகும் இடங்களுக்கு ரதியே என்று பெயர். அதன்மேல் தண்ணீர் ஓடினால் கடக்காதீர்கள். கணுக்கால் அளவுதானே என்று இறக்கிய கார்கள் அடித்துச் செல்லப்பட்டிருக்கின்றன.

9. எரிமலைக்குழம்புச் சாலை

இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த நாள் இதுதான். சான்-ஜோசெஃப்பிலிருந்து ஆர்என்2 சாலையில் கிழக்கே போங்கள். முதலில் பாஸ்-வாலே பக்கம் காப்-மெஷான்: கறுப்புப் பாறைச் செங்குத்தில் அலை மோதித் தெறிக்கும் இடம், சுற்றிலும் தாழை மரங்கள். விளிம்புக்குத் தடுப்பு இல்லை, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சான்-ஃபிலிப்பைத் தாண்டினால் சாலை எரிமலைக்குழம்பு ஓடிய இடங்களை ஒவ்வொன்றாகக் கடக்கும். ஒவ்வொன்றிலும் எந்த ஆண்டு ஓடியது என்ற பலகை. பலர் 2007-ல் மட்டும் நிறுத்திப் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மூன்று வெவ்வேறு ஆண்டுப் பலகைகளில் நிறுத்தி ஒப்பிடுங்கள். புதிய பாறையில் சாம்பல் நிறப் பாசி போன்ற படிவம் மட்டும், பழையதில் விரிசல்களுக்குள் பெரணி, அதையும்விடப் பழையதில் மரங்கள். காடு எப்படித் திரும்பி வருகிறது என்பதைக் காரில் உட்கார்ந்தே படித்துவிடலாம். குனிந்து பார்த்தால் சில இடங்களில் பாறை கயிறு திரித்ததுபோல மடிந்திருக்கும். அது மெதுவாக, வழவழப்பாக ஓடி உறைந்தது. கிராத்தோன் உடைந்து புரண்டு வந்தது. இரண்டையும் பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 2007-ல் குழம்பு இந்தச் சாலையை மூடிக் கடலில் போய் விழுந்தது. தடிமனான பகுதிகள் ஆறப் பல ஆண்டுகள் எடுத்ததால், அந்த ஆண்டுகளில் மழை பெய்தால் பாறையிலிருந்து ஆவி கிளம்பியது.

குழம்பு உறைந்த குகைகளுக்குள் வழிகாட்டியோடு மட்டும் போகலாம். முன்பதிவு செய்யுங்கள், வயது வரம்பையும் கேளுங்கள்.

மதியத்துக்கு ஆன்ஸ்-தே-கஸ்காத்: பனைவகை மரத்தோப்பு, மீன்பிடிப் படகுகள், பின்னால் மலைச்சுவரிலிருந்து இறங்கும் அருவிகள். கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டை நிழலில் சாப்பிட நல்ல இடம். அப்புறம் பித்தோன்-சாந்த்-ரோஸ் ஊரில் உள்ள தேவாலயம். 1977 ஏப்ரலில் ஊருக்குள் வந்த எரிமலைக்குழம்பு இதைச் சுற்றிக்கொண்டு போனது, வாசலில் கொஞ்சம் நுழைந்து அப்படியே நின்றுவிட்டது. சுவரை ஒட்டி அந்தக் கறுப்புப் பாறை இன்னும் இருக்கிறது. வழிபாட்டு இடம் என்பதால் உள்ளே அமைதியாக இருங்கள்.

வெடிப்பு நடந்து குழம்பு இந்தப் பக்கம் இறங்கினால் சாலை மூடப்படலாம். காலையிலேயே போக்குவரத்து நிலையைப் பாருங்கள். மூடியிருந்தால் ஆர்என்3 வழியாக மலையைக் கடந்து சான்-பெனுவாவுக்கு இறங்கிவிடலாம்.

10. எல்-பூர்

கிழக்குக் கரையில் உள்ள சான்-ஆந்த்ரேயிலிருந்து சலாஸி பள்ளத்தாக்குக்குள் ஏறும் சாலை முழுக்க அருவி. ஓட்டுபவர் தலையைத் திருப்பக் கூடாது, மற்றவர்கள் பார்க்கட்டும். மணப்பெண்ணின் முக்காடு என்று பொருள்படும் வுவால்-த-லா-மரியே அருவி சாலையிலிருந்தே தெரியும். அதற்கான ஒதுக்கிடத்தில் மட்டும் நிறுத்துங்கள். மலைச்சுவருக்கு நேர் கீழே நிறுத்த வேண்டாம், கல் விழும். இருட்டுவதற்குள் மேலே எல்-பூருக்குப் போய்ச் சேருங்கள்.

மறுநாள் காலை மேகம் வருவதற்குள் பழைய கிரியோல் பாணி வீடுகள் இருக்கும் தெருக்களில் நடங்கள். அதற்குமேல் திட்டம் போடாதீர்கள், எல்லோரும் களைத்திருப்பார்கள். இங்கே வயலெல்லாம் சௌசௌ பந்தல்தான். சௌசௌவை வேகவைத்து, பாலாடைக்கட்டி போட்டுச் சுட்டுத் தருவார்கள், சைவக் குடும்பத்துக்கு நல்ல மதியச் சாப்பாடு. முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

11. திரும்பும் நாள்

வழியை விட்டுச் சற்று விலகினால் பிரா-பனோனில் வனிலா வாங்கலாம். தோல் பளபளவென்று, விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைவதாகப் பார்த்து எடுங்கள். சாந்த்-சூசானில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே நியாகரா என்ற அருவி. நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடைதான், பிற்பகல் விமானம் இருந்தாலும் பார்த்துவிடலாம். நல்ல மழைக்குப் பிறகு அங்கே போகாதீர்கள்.

காரைத் திருப்பும் முன் பெட்ரோல் நிரப்பி, நான்கு பக்கமும் டயரையும் படமெடுத்து வையுங்கள். எரிமலை மணல் காலடி விரிப்பில் கண்டிப்பாக இருக்கும், உதறிவிட்டால் சுத்தம் செய்த கட்டணம் கேட்க மாட்டார்கள். காலை நேரத்தில் சான்-தெனியை நோக்கி நெரிசல் இருக்கும் என்பதால், வழக்கமாக ஆகும் நேரத்தோடு ஒரு மணி கூட்டிக் கிளம்புங்கள்.